தரங்கம்பாடியில் ஒரு வாத்தியாரைத் தேடி



போன மாதம் தரங்கம்பாடி போய்வந்த படங்களைப் போட்டதும், "படம் மட்டும் போட்டா எப்படி டீச்சர், பாடம் எங்கே?" என்று கேட்டிருந்தீர்கள். இதோ பாடம். பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள். பரீட்சை கிடையாது. கடைசியில் ஒரு வீட்டுப்பாடம் மட்டும் உண்டு, அதிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை.

இந்தப் பயணத்துக்குக் காரணம் நம் பழைய மாணவன் ஒருவன்தான். இப்போது போலந்தில் வேலை பார்க்கிறான். வார விடுமுறையில் அங்குள்ள சின்னச் சின்ன ஊர்களைச் சுற்றிவிட்டுப் படம் அனுப்புவான். பழைய தேவாலயம், யூதர்களின் பழைய கல்லறைத் தோட்டம், ஜெர்மானியர்கள் கட்டிய நகர மண்டபம் என்று ஒரே ஊரில் இத்தனை பேருடைய அடையாளங்கள். கூடவே ஒரு வரி எழுதியிருந்தான்: "இதெல்லாம் பார்க்கும்போது நம்ம ஊர்ல என்ன டீச்சர் இருக்கு, வெயிலும் வெடிமருந்தும்தானே!"

முப்பது வருடத்துக்கு மேல் சமூக அறிவியல் சொல்லிக்கொடுத்தவளுக்கு இது சும்மா விடக்கூடிய வரியா? தமிழ்நாட்டில் அப்படி ஒரு சின்ன ஊரை அவனுக்குக் காட்டவேண்டும் என்று தோன்றியது. மகனும் மருமகளும் லீவு போட, பேத்தியையும் கூட்டிக்கொண்டு வேனில் கிளம்பிவிட்டோம். மதுரை, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை என்று போய், சாயங்காலம் கடற்கரையில் இறங்கினோம்.

தரங்கம் என்றால் அலை. பேருந்து நிலையத்திலிருந்து கடல் வரைக்கும் மெதுவாக நடந்தாலே ஊர் முடிந்துவிடும். அந்தச் சின்ன நடைக்குள் எழுநூறு வருடம் இருக்கிறது.

கடற்கரையை ஒட்டி மாசிலாமணி நாதர் கோயில். கட்டியவர் யார் தெரியுமா? நம்ம பாண்டிய நாட்டு அரசர், மாறவர்மன் குலசேகர பாண்டியன். ஆண்டு 1306. அந்தக் காலத்துக் கல்வெட்டில் ஊருக்குச் சடங்கன்பாடி என்றும், அரசர் பெயரால் குலசேகரன்பட்டினம் என்றும் பெயர். மதுரையில் இருந்த அரசர் சோழ நாட்டுக் கரையில் ஏன் தன் பெயரைப் போடவேண்டும்? பட்டினம் என்றாலே வியாபாரம். கப்பல் வந்துபோன கரை. பழைய கோயிலில் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருந்ததைச் சேர்த்துப் புதுப்பித்திருக்கிறார்கள். "சாமி வீட்டையே கடல் எடுத்துக்கிச்சா ஆச்சி?" என்று பேத்தி கேட்டாள். அலை வந்து வந்து மோதுவதைப் பார்த்தால் அவள் கேள்வி நியாயம்தான் என்று தெரியும்.

அடுத்தது கோட்டை. 1620-இல் டென்மார்க்கிலிருந்து ஓவ் கெட்டே என்ற கடற்படைத் தளபதி வந்தார். தஞ்சையை ஆண்டுகொண்டிருந்தவர் ரகுநாத நாயக்கர். நாயக்கர் அரண்மனையில் தெலுங்கு, ஊரெல்லாம் தமிழ், வந்தவர்களுக்கு டேனிஷ். அந்த நவம்பரில் ஒப்பந்தம் ஆனது. டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்கு நாயக்கர் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய மடல் இன்றும் கோப்பன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. டேனியர்களுக்கு வேண்டியது மிளகும் துணியும். நாயக்கருக்கு வேண்டியது, போர்ச்சுக்கீசியரைத் தவிர இன்னொரு வாடிக்கையாளர். ஒரே ஒரு ஆள் மட்டும் சரக்கு எடுத்தால் விலை அவன் சொல்வதுதான் என்பது சிவகாசிப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை!

அப்படி எழுந்ததுதான் டான்ஸ்பர்க் கோட்டை. ஊர்க்காரர்கள் டேனிஷ் கோட்டை என்கிறார்கள். கீழ்த்தளத்தில் கிடங்கு, காவலர் அறை, சிறை. மேல்தளத்தில் அதிகாரிகள் இருப்பிடம். இப்போது நம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் அருங்காட்சியகமாக இருக்கிறது. மேலே நின்று பார்த்தால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ராஜ வீதி, வீதியின் மறுமுனையில் வெள்ளையடித்த நகர வாயில். இப்போது நாம் பார்க்கும் வாயில் 1792-இல் திரும்பக் கட்டியது.

ராஜ வீதியில் இரண்டு தேவாலயங்கள். 1701-இல் கட்டிய சீயோன் ஆலயம் டேனியர்களுக்காக. எதிரே 1718-இல் பிரதிஷ்டை செய்த புதிய எருசலேம் ஆலயம் இந்த ஊர் மக்களுக்காக. அதில் தமிழிலும் போர்ச்சுக்கீசிய மொழியிலும் ஆராதனை நடந்தது. போர்ச்சுக்கீசியம் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? அன்றைக்குக் கடற்கரை ஊர்களில் வேறு வேறு மொழிக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள அதுதான் பொதுமொழி. இப்போது நம் பட்டாசு ஆலைகளில் வடக்கிலிருந்து வந்த பையன்களோடு நாம் உடைந்த இந்தியில் பேசிச் சமாளிக்கிறோமே, அந்த மாதிரி. சற்றுத் தள்ளி நடந்தால் பள்ளிவாசல், கத்தோலிக்கக் கோயில், மீனவர் குடியிருப்பு, பொற்கொல்லர் தெருவில் தூண் வைத்த திண்ணை வீடுகள். எல்லாம் கூப்பிடு தூரம்.

இனி நான் போனதற்கான முக்கியமான காரணத்துக்கு வருகிறேன்.

1706 ஜூலை 9. இரண்டு ஜெர்மன் இளைஞர்கள் இந்தக் கரையில் இறங்கினார்கள். பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்றி புளுட்சாவ். அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக். மறுநாள்தான் சீகன்பால்குக்கு 24 வயது முடிகிறது. தமிழில் ஒரு எழுத்து தெரியாது. கற்றுக்கொள்ள இலக்கண நூலோ அகராதியோ கைக்குக் கிடைக்கவில்லை. என்ன செய்வது? உள்ளூரில் திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்த வயதான வாத்தியார் ஒருவரைப் பிடித்தார்கள். அவர் தன் பள்ளிக்கூடத்தை, பிள்ளைகளோடு சேர்த்து, அப்படியே இவர்கள் வீட்டுக்கு மாற்றிக்கொண்டு வந்தார். அந்தச் சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இந்த இரண்டு பெரியவர்களும் தரையில் உட்கார்ந்து, மணலைப் பரப்பி, விரலால் எழுதிப் பழகினார்கள்.

இந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வேட்டி கட்டிய கிழவர் ஒருவர், கால்சட்டை போட்ட வெள்ளைக்கார வாலிபனின் விரலைப் பிடித்து 'அ' போடச் சொல்லிக்கொடுக்கிறார். பக்கத்தில் ஐந்து வயதுப் பிள்ளை, "அய்யே, சுழியை மாத்திப் போடுறாரு" என்று சிரித்திருக்கும். முதல் வகுப்புக்குப் பாடம் எடுத்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு காதில் விழும்.

அந்த வாத்தியாருக்கு அவர்களுடைய மொழி தெரியாது. அர்த்தம் சொல்ல அழகப்பன் என்ற துபாஷி வந்தார். டேனியர்களிடம் வேலை பார்த்தவர், போர்ச்சுக்கீசியம், டேனிஷ், ஜெர்மன் எல்லாம் பேசுவார். சீகன்பால்கு ஒரு வருடத்துக்குள் தமிழில் பேசவும் பிரசங்கம் செய்யவும் தொடங்கிவிட்டார். 1708-இல் தான் சேகரித்த நூல்களுக்கு ஒரு பட்டியல் போட்டார். அதில் 119 தமிழ்ச் சுவடிகள். ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று அவர் எழுதிவைத்த குறிப்புகளை ஆராய்ச்சியாளர்கள் இன்றும் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் ஒரு பெரிய நூலும் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். "உன்னை அனுப்பியது இதற்கா?" என்கிற தோரணையில் அங்கே அதைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள். 1867-இல்தான் சென்னையில் அச்சானது. அவர் மதத்தைப் பரப்ப வந்தவர், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனாலும் எதிரில் இருப்பவன் என்ன நம்புகிறான் என்பதை அவனிடமே கேட்டு எழுதிவைத்தார்.

இங்கிருந்து போன கேள்விகளும் பதில்களும்கூட அச்சேறின. தமிழர்கள் எழுதிய கடிதங்களை ஜெர்மனில் மொழிபெயர்த்து ஹாலே நகரில் 1714-இலும் 1717-இலும் வெளியிட்டார்கள். அவற்றில் பெரும்பகுதி அழகப்பன் எழுதியது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதே அழகப்பனை டேனிஷ் அதிகாரிகள் ஊரைவிட்டே விரட்டினார்கள். தஞ்சைச் சீமையில் விலங்கு போட்டுச் சிறையிலும் கிடந்தார். இரண்டு உலகத்துக்கு நடுவே பாலமாக நின்றவரை இரண்டு பக்கமும் மிதித்தார்கள்.

வாத்தியார் வீட்டுக் கதையும் அப்படித்தான். அவர் மகன் கணபதியும் வாத்தியார், கவி பாடுவார். 1709-இல் கணபதி ஞானஸ்நானம் பெற்றார். வீட்டாரும் உறவும் கடுமையாக எதிர்த்தார்கள். தகப்பன் ஒருவனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார், அந்த எழுத்து சுற்றிவந்து அவருடைய மகனையே வேறு வழியில் அழைத்துக்கொண்டு போய்விட்டது. அந்தப் பெரியவர் அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டிருப்பாரா? பல மதத்தார் சேர்ந்து வாழ்ந்த ஊர் என்று நாம் ஒரே வரியில் எழுதிவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குள் இப்படிப் பல வீடுகளின் அழுகை இருக்கிறது.

அந்த வாத்தியார் பெயர் எங்கேயாவது செதுக்கியிருக்கிறதா என்று ஒருநாள் முழுக்கப் பார்த்தேன். சீகன்பால்குக்குச் சிலை இருக்கிறது, நினைவுச் சின்னம் இருக்கிறது. புதிய எருசலேம் ஆலயத்துக்குள் கல்லறையும் இருக்கிறது. 1719 பிப்ரவரியில் 36 வயதில் இறந்துபோனார். அதெல்லாம் அவருக்கு உரிய மரியாதை. அவர் விரலைப் பிடித்து எழுதவைத்தவருக்கு ஒரு கல்லும் என் கண்ணில் படவில்லை. மகன் சொன்னான், "விடும்மா, நீ மட்டும்தான் அவரைத் தேடியிருப்பே." இருக்கட்டுமே. ஒரு வாத்தியாரை இன்னொரு வாத்தியார் தேடாமல் வேறு யார் தேடுவது?

இப்போது அச்சாபீஸ் பிள்ளைகள் கொஞ்சம் கவனியுங்கள். ஆஃப்செட்டில் ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கில் காலண்டர் தள்ளுகிற நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டிய கதை இது.

தமிழ் அச்சு தரங்கம்பாடியில்தான் முதலில் தொடங்கியது என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. 1578-இலேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. அதன்பின் அந்த வேலை நின்று நின்று போய், நீண்ட இடைவெளி விழுந்தது. அதைத் தரங்கம்பாடி திரும்பப் பிடித்தது. லண்டனிலிருந்து ஓர் அச்சு இயந்திரம் 1712-இல் வந்துசேர்ந்தது. கூட வந்த அச்சுத் தொழிலாளி வழியிலேயே இறந்துபோனார். அடுத்த வருடம் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்தன. எழுத்து ஒவ்வொன்றும் பெரிய அளவு. அந்த எழுத்தில் புத்தகம் போட்டால் காகிதம் கட்டுப்படியாகாது. காகிதமோ கப்பலில் வரவேண்டும். ஆகவே இங்கேயே சின்ன எழுத்தாக வார்த்துக்கொண்டார்கள். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த ஈயத் தகட்டை உருக்கினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். பக்கத்தில் பொறையாரில் காகிதம் செய்யவும் முயன்று பார்த்தார்கள். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்தது.

நம் ஊர்க் கதையோடு வைத்துப் பாருங்கள். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சு வேண்டும். அப்படித்தான் சிவகாசி அச்சு நகரம் ஆனது. அங்கே வேதம் அச்சடிக்க எழுத்து வார்த்தார்கள், இங்கே தீப்பெட்டிக்கு லேபிள் அடித்தார்கள். இரண்டு இடத்திலும் வெளியூரிலிருந்து கற்றுக்கொண்டதை உள்ளூர்க் கை தன் வசதிக்கு வளைத்துக்கொண்டது.

இதுவரை சொன்னது சுற்றுலாப் பலகையிலும் ஓரளவு இருக்கும். பலகையில் அதிகம் எழுதாததையும் சொல்கிறேன்.

டேனியர்கள் இந்தக் கரையிலிருந்து துணியை மட்டும் ஏற்றுமதி செய்யவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் மனிதர்களையும் அடிமைகளாக வாங்கிக் கப்பலில் ஏற்றினார்கள். பஞ்சகாலத்தில் பசியில் தங்களையே விற்றுக்கொண்டவர்களும் அதில் உண்டு. 1707 மே மாதம் இங்கே முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் டேனியர் வீட்டு அடிமைகள். ஏழைகளுக்காகப் பேசிய சீகன்பால்கையும் அந்தக் கோட்டைத் தலைவர் விட்டுவைக்கவில்லை. 1708 இறுதியில் பிடித்து நான்கு மாதம் அதே கோட்டைக்குள் அடைத்துவைத்தார். எந்த அரசர் அனுப்பினாரோ அவருடைய கோட்டையிலேயே சிறை! அலைச் சத்தம் மட்டும் கேட்கும் அந்தக் கீழ் அறைகளில் நின்றபோது பேத்தி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

புதிய எருசலேம் என்று பெயர் வைத்த ஆலயத்துக்குள்ளும் சாதி செருப்பைக் கழற்றிவிட்டு வரவில்லை. ஒரு சாதிக்கு ஒரு பக்கம், இன்னொரு சாதிக்கு வேறு பக்கம் என்று தனித்தனியாக உட்கார்ந்தார்கள். ஆனாலும் 1733-இல் ஆரோன் என்ற தமிழர் இங்கேதான் குருவாக அபிஷேகம் பெற்றார். இந்தியப் புராட்டஸ்டண்டு சபையில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவர். அடைத்த கதவும் திறந்த கதவும் ஒரே சுவரில்தான் இருந்தன. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும் என்பது என் பழக்கம், உங்களுக்கே தெரியும்.

சமையலறையில் இருக்கும் தங்கச்சிமார்களுக்கும் மதினிமார்களுக்கும் ஒரு செய்தி. நாம் தாளிக்கிற கறிவேப்பிலைக்குத் தாவரவியலில் உள்ள பெயர் 'முர்ரயா கோனிகி'. அந்தக் 'கோனிக்' தரங்கம்பாடியில் வைத்தியம் பார்த்தவர். யோகான் கெர்ஹார்ட் கோனிக், பெரிய தாவரவியல் அறிஞர் லின்னேயஸின் மாணவர், 1768-இல் இங்கே வந்தார். நம்ம ஊர்ச் செடிகளை எல்லாம் பறித்து, உலர்த்தி, ஐரோப்பாவுக்கு அனுப்பினார். நாம் சாப்பாட்டில் ஒதுக்கித் தட்டோரம் வைக்கிற இலைக்குள் ஒரு தரங்கம்பாடி டாக்டர் இருக்கிறார்!

போலந்துக்காரத் தம்பி, இப்போது உன் முறை. கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ் என்று கேள்விப்பட்டிருப்பாய். 1726-இல் பிறந்தார், 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். பிறகு திருச்சி, தஞ்சாவூர். இளவரசர் இரண்டாம் சரபோஜிக்குப் பாதுகாவலராக இருந்து படிக்கவைத்தார். ஹைதர் அலியிடம் தூது போனார். 1798-இல் தஞ்சையில் இறந்தபோது, இந்து மன்னரான சரபோஜி அவருக்காக இங்கிலாந்தில் பளிங்குச் சிற்பம் செய்யச் சொல்லி வரவழைத்தார். தஞ்சையில் சுவார்ட்ஸ் ஆலயத்தில் இன்றும் பார்க்கலாம். ராமநாதபுரத்தில் அப்துல் கலாம் ஐயா படித்த பள்ளிக்கூடமும் அவர் பெயரில்தான் நடக்கிறது. நம் விருதுநகர் 1985 வரைக்கும் ராமநாதபுரம் மாவட்டத்தில்தானே இருந்தது? அப்படிப் பார்த்தால் அவர் நமக்குப் பழைய மாவட்டத்துக்காரர்.

அவர் பிறந்த ஊரின் அன்றைய பெயர் சோனன்பர்க். அப்போது அது பிரஷ்யாவில் இருந்த ஜெர்மன் ஊர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் எல்லைக்கோடு நகர்ந்தது. ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள், போலந்து மக்கள் குடியேறினார்கள், ஊர் பெயர் ஸ்வோன்ஸ்க் ஆனது. நாஜிகள் அங்கே சிறை முகாம் வைத்திருந்தார்கள். 1945 ஜனவரி இறுதியில் ஒரே இரவில் எண்ணூறுக்கும் மேற்பட்ட கைதிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த இடத்தில் இப்போது அருங்காட்சியகம் நடத்துகிறார்கள். பழைய புனித ஜான் வீரர்களின் தேவாலயத்தில் இன்று புதிய மக்கள் கும்பிடுகிறார்கள். கட்டியவர்களின் பேரன்மார் அங்கே இல்லை. பார்த்துக்கொள்கிறவர்கள் வேறு ஊரிலிருந்து வந்தவர்கள். ஒரு நாள் ரயில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வா. தஞ்சாவூர்ப் பளிங்குச் சிற்பம் உனக்கு அங்கேயும் ஞாபகம் வரும்.

தரங்கம்பாடிக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. 1845-இல் டென்மார்க் அரசு தரங்கம்பாடியையும் வங்கத்துச் செராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டது. வீடு வாசலோடு ஊரையே விற்றாயிற்று. குடியிருந்தவர்களைக் கேட்டார்களா? பிறகு ரயிலும் வியாபாரமும் நாகப்பட்டினம் பக்கம் திரும்ப, ஊர் தூங்கிப்போனது. தூங்கியதால்தான் பழைய வீடுகள் இடிபடாமல் தப்பின என்றும் சொல்லலாம்.

2004 டிசம்பர் 26 காலையில் கடல் உள்ளே வந்தது. இங்கே மீனவர் குடும்பங்களில் ஏராளமான உயிர்கள் போயின. கோட்டை நின்றது, குடிசை நிற்கவில்லை. அதன்பிறகு ஊரைச் சீர்செய்யும் வேலைகளில் தமிழ்நாட்டு அரசோடு டென்மார்க்காரர்களும் கைகொடுத்தார்கள். பழைய ஆளுநர் மாளிகையைச் செப்பனிட்டார்கள், பொற்கொல்லர் தெருவில் திண்ணை வீடுகளுக்கு உயிர் கொடுத்தார்கள். 1845-இல் விற்றுவிட்டுப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் ஏன் திரும்பி வருகிறார்கள்? அவர்களிடம் காகிதம் இருக்கிறது. கோப்பன்ஹேகனில் தங்கத் தகடு, ஹாலேயில் ஓலைச்சுவடியும் கடிதக் கட்டும். தேதி போட்டு எழுதியதை முந்நூறு வருடமாக யாரோ கரையானிடமிருந்து காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஒரு திண்ணை வாத்தியார் மணலில் எழுதவைத்தார் என்பதுகூட அந்தக் கடிதங்கள் வழியாகத்தான் எனக்குத் தெரியவந்தது.

இப்போது ஆலங்குளத்துக்கு வருகிறேன்.

"நம்ம ஊர்ல என்ன இருக்கு?" என்று கேட்டாயே தம்பி. பக்கத்தில் வெம்பக்கோட்டை, விஜயகரிசல்குளத்தில் 2022-இல் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியது. வைப்பாற்றங்கரை மேட்டில் சங்கு வளையல்களும் பாசிமணிகளும் சுடுமண் பொம்மைகளும் வந்தன. சங்கு கரிசல் காட்டில் விளைவதில்லை. கடற்கரையிலிருந்து யாரோ சுமந்து வந்து, இங்கே யாரோ அறுத்து, யாரோ ஒருத்தி கையில் போட்டிருக்கிறாள். அப்போதே இது பல ஊர்க்காரர்கள் வந்துபோன இடம்.

நம் காலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சிமெண்ட் ஆலைக்காக எத்தனை ஊரிலிருந்து வந்தார்கள்? என் வீட்டுக்காரர் அப்படி வந்தவர்தான். நான் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். என் வகுப்பில் வருகைப் பதிவேடு எழுதும்போது, சேர்க்கைப் பதிவேட்டில் தாய்மொழி என்று ஒரு கட்டம் இருக்கும், அதைப் பார்ப்பது எனக்கு ஒரு சந்தோஷம். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், உருது. ஒரே பெஞ்சில் மூன்று மொழி உட்கார்ந்திருக்கும். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் மூன்று வீட்டுக் கைமணம். ரம்ஜானுக்கு வந்த பிரியாணி, பொங்கலுக்குப் போன கரும்பு, கிறிஸ்துமஸுக்கு வந்த கேக் எல்லாம் உங்களுக்கும் நினைவிருக்கும். சண்டையும் நினைவிருக்கும். கோயில் கொடையில் யார் எந்த வரிசை, யார் வீட்டில் யார் தண்ணீர் குடிக்கமாட்டார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியாததில்லை. தரங்கம்பாடியைப் போலத்தான் நாமும் இருந்தோம்.

வித்தியாசம் ஒன்றே ஒன்று. நம்மிடம் காகிதம் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் பழைய பதிவேட்டுக் கட்டு மழையில் நனைந்து, காய்ந்து, செங்கல் மாதிரி இறுகிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். பிரிக்கப் பிரிக்கத் தூளாகியது. அந்தத் தூளில் எத்தனை தாத்தா பாட்டிகளின் பெயர் போயிருக்கும்! ஆலைக் குடியிருப்பில் இருந்தவர்கள் ஓய்வு பெற்று, வீட்டைக் காலி செய்து, ஒவ்வொரு திசையாகப் போய்விட்டார்கள். தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்கி வளர்ந்த தலைமுறைக்கு இப்போது எழுபது எண்பது வயது. பட்டாசு விபத்தில் போனவர்களின் பெயர்கள் செய்தித்தாளில் ஒருநாள் வந்ததோடு சரி. என் சின்ன மாமியாருக்கு எண்பத்தெட்டு வயது. எங்கள் குடும்பம் எந்தப் பஞ்சத்தில் எந்த ஊரைவிட்டுக் கிளம்பியது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். காது கேட்கவில்லை, பேச்சு இன்னும் தெளிவாக இருக்கிறது. போன வாரம் மூன்று நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நாற்பது பக்கம் எழுதினேன். இன்னும் பாதிகூட முடியவில்லை.

ஆகவே வீட்டுப்பாடம்.

உங்கள் வீட்டில் இருப்பவர்களில் மூத்தவரிடம் போய் உட்காருங்கள். போனை அணைத்து வைத்துவிட்டு உட்காருங்கள், இல்லை என்றால் அந்தப் போனிலேயே குரலைப் பதிவு செய்யுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தோம், ஏன் வந்தோம், வீட்டில் என்ன மொழி பேசினோம், முதல் வேலை என்ன, முதல் கூலி என்ன, யார் உதவினார்கள், யார் ஒதுக்கினார்கள் என்று கேளுங்கள். ஒதுக்கிய கதையை விட்டுவிடாதீர்கள். சொல்பவர் பெயர், உங்கள் பெயர், தேதி மூன்றையும் மறக்காமல் எழுதுங்கள். பழைய போட்டோவின் பின்பக்கம் பென்சிலால் பெயர்களை வரிசையாக எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும். உங்களுக்கு முதன்முதலில் 'அ' எழுதப் பழக்கியவர் பெயரையும் கட்டாயம் சேருங்கள். அந்தப் பெயர் இல்லாமல் வரும் நோட்டை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

தீபாவளி சீசன் முடிந்து ஆலைகள் லீவு விட்டதும் எல்லோருக்கும் நேரம் கிடைக்கும். அதுவரைக்கும் அவகாசம் தருகிறேன். எழுதியதைத் தபாலில் அனுப்பினாலும் சரி, நேரில் கொண்டுவந்தாலும் சரி. வருபவர்களுக்குக் காப்பியும் சேவும் உண்டு. எல்லாவற்றையும் இரண்டு படி எடுத்து, ஒன்றை இங்கே பீரோவில் வைக்கிறேன், இன்னொன்றை வெளியூரில் இருக்கும் ஒரு மாணவியிடம் கொடுத்து வைக்கலாம் என்றிருக்கிறேன். கரையானும் மழையும் ஒரே நேரத்தில் இரண்டு ஊருக்கு வருவது கஷ்டம்.

எல்லோரும் நலமாக இருங்கள். ஆலையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வெயில் காலத்தில் கவனமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாறு டீச்சர்,
ஆலங்குளம்.